ரீஃபண்ட் ப்ராசஸில் இருக்கிறது

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டும் விளையாட்டுப் பருவத்துச் சாதனைகள். முதிர்ச்சி அடைந்தபின் அது கண்டுபிடித்த மகத்தான பொருள் 'ரீஃபண்ட்'. அதன் மகிமையை அருகில் நின்று தரிசிக்கும் பேறு, திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு வாய்த்தது.

முருகையன் அண்ணனும் அவர் மனைவி அம்சம் அக்காவும் உளுந்து விற்ற பணத்தோடு என் கடைக்கு வந்தார்கள். மகள் தமிழ்நிலா டெல்லியில் வேளாண்மையில் டாக்டர் பட்டம் வாங்குகிறாள். அதைப் பார்க்க இருவரும் முதல்முறையாக விமானம் ஏறப்போகிறார்கள். 'பறபறா டாட் காம்' என்ற ஆன்லைன் ஏஜென்சியில் திருச்சியிலிருந்து இரண்டு டிக்கெட் நான்தான் போட்டுக் கொடுத்தேன். இருபத்தேழாயிரம் ரூபாய். அக்கா ஜன்னல் சீட் கேட்டார். மேகம் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கட்டினோம்.

பட்டமளிப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, 'செயல்பாட்டுக் காரணங்களால்' விமானமே ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. முழுப் பணமும் திரும்பும் என்றும் அதில் இருந்தது. அது வந்தால்தான் வேறு டிக்கெட். பறபறாவுக்குப் போன் போட்டேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்றது குரல். அவ்வளவு முக்கியமான அழைப்பைச் சட்டென்று எடுத்துவிட முடியுமா? நாற்பது நிமிடம் புல்லாங்குழல் வாசித்துவிட்டு எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் சார், நான் ஜோஸ்வா. உங்களுக்கு நான் எப்படி உதவணும்?"

"டிக்கெட் பணத்தக் குடுத்து உதவுங்க தம்பி," என்றார் அண்ணன்.

"ரீஃபண்ட் ப்ராசஸ்ல இருக்கு சார்."

"அது எந்த ஊருங்க?"

"ஊர் இல்ல சார். ப்ராசஸ்."

"எங்க இருந்தாலும் நாங்களே வந்து வாங்கிக்கிறோம். நாகூருக்கு அந்தப் பக்கமா?"

அக்கா குறுக்கிட்டார். "விமானக்காரங்களக் கேட்டா, பணம் ஒங்ககிட்ட இருக்குங்கறாங்க."

"எங்களக் கேட்டா, அவங்ககிட்ட இருக்கும்மா."

"ரெண்டு பேரும் ஒருநாளு ஒக்காந்து பேசிக்கக் கூடாதா?"

"அதுக்கு நீங்க ஒரு படிவம் பூர்த்தி செய்யணும்மா."

படிவம் திறந்தது. ரத்துக்கான காரணத்தில் மூன்றே கட்டங்கள்: 'மனம் மாறினேன்', 'உடல்நலக் குறைவு', 'பயணி மரணம்'. விமான நிறுவனமே ரத்து செய்தது என்பதற்குக் கட்டம் இல்லை. பாவம், அப்படியும் நடக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"இதுல எதுக்கு முழுப்பணம் வரும் தம்பி?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"மரணத்துக்குத்தாண்ணே."

அண்ணன் யோசித்தார். "ரெண்டு நாளைக்குன்னா பரவாயில்ல..."

அக்கா முறைத்த முறைப்பில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தவிர, இறந்த பயணி கையெழுத்துப் போட்டு, முகம் தெளிவாகத் தெரியும் செல்ஃபியும் இணைக்க வேண்டுமாம். எனவே 'மனம் மாறினேன்' கட்டத்தை அழுத்தினேன். பறபறா உடனே பதில் அனுப்பியது: 'நீங்கள் மனம் மாறியதற்கு வருந்துகிறோம். அதற்கான கட்டணம் கழிக்கப்படும்.'

மறுபடி போன். மறுபடி புல்லாங்குழல். மறுபடி ஜோஸ்வா.

"நாங்க எப்ப மனசு மாறுனோம்?" என்று அக்கா கத்தினார். "எம் பொண்ணு பட்டம் வாங்குறதப் பாக்க மாட்டேன்னு நான் சொன்னனா?"

"சிஸ்டத்துல அப்படித்தாம்மா காட்டுது."

பெற்றவளுக்கே தெரியாத மனது சிஸ்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது!

ஆறு நாள் புல்லாங்குழல் கேட்டோம். ஏழாம் நாள் இருவரும் ரயிலுக்குக் கிளம்பினார்கள். டிக்கெட் போட்டதற்கு நான் வாங்கிய நூறு ரூபாயை நீட்டினேன். "நீ என்னப்பா பண்ணுவ?" என்று அக்கா வாங்க மறுத்துவிட்டார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சென்னையிலிருந்து முன்பதிவில்லாப் பெட்டியில், கழிவறை வாசலில் உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தார்கள். அக்காவுக்குக் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. வெறுங்காலோடு மண்டபத்துக்குப் போய், தமிழ்நிலா மேடை ஏறியதும் எழுந்து நின்று விசிலடித்தாராம். "துணைவேந்தரே திரும்பிப் பாத்தாரு தம்பி," என்றார் அண்ணன்.

மூன்று மாதம் கழித்து, என் கடையில் இருந்தபோது, அண்ணனுக்கு ரீஃபண்ட் வந்தது. மனம் மாறிய கட்டணம், வசதிக் கட்டணம், ரீஃபண்ட் கொடுப்பதால் பறபறாவுக்கு ஏற்படும் சிரமத்துக்கான கட்டணம் எல்லாம் போக, முந்நூற்றுப் பன்னிரண்டு. ரூபாய் அல்ல, 'பறபறா காயின்'. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மாலத்தீவுக்குப் போனால், அங்கே காலைச் சிற்றுண்டியில் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கருணையை நான் அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"ஜோஸ்வா பேசறேன் சார். ரீஃபண்ட் வந்திருக்குமே! எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தன ஸ்டார் தருவீங்க?"

அண்ணன் நிதானமாகச் சொன்னார். "தம்பி, போன கோடையில எங்க பம்புசெட்டு ஒயர ஒருத்தன் அறுத்துட்டுப் போயிட்டான். மறுநாளே புடிச்சுட்டோம். முழுசாத் திருப்பிக் குடுத்தான். அறுத்த கூலின்னு ஒரு முழங்கூடக் கழிச்சுக்கல."

"சந்தோஷம் சார். ஆனா அதுக்கும் எங்களுக்கும்..."

"அவனையே திருடன்னுதான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தோம். ஒங்கள என்னன்னு எழுதுறது? நீங்களே ஒரு பேரு சொல்லுங்க."