வெள்ளிக் கண்ணுக்காரனும் டவுன் பஸ்ஸும்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். புதுக்கோட்டையில இருக்க டெய்லர் அக்காகிட்ட போயி அம்மாவோட பிளவுஸ வாங்கிட்டு வரணும். ராஜா ஆண்ட பெரிய புதுக்கோட்டை இல்ல. தூத்துக்குடிய விட்டு வெளிய வந்தா திருநெல்வேலி ரோட்டுல வருமே, அது.

போனேன். பிளவுஸ் தைச்சு ரெடியா இருந்துச்சு! சொன்ன நாள்ல, சொன்ன அளவுல!

அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்.

திரும்பி வார பஸ்ல ஜன்னல் சீட்டு. மடியில பை. பைக்குள்ள பிளவுஸும், அன்னைக்குத்தான் முடிச்ச ஒரு குண்டு நாவலும். ஜெனிபர் கூப்பிட்டா. காலேஜ்ல எங்கூட படிச்சவ, இப்ப சென்னையில வேலை. காதலும் மந்திரமும் கலந்து புதுசா எந்த நாவல் வந்தாலும் நாங்க ரெண்டு பேரும் விடுறதில்ல.

"முடிச்சிட்டியாளா? எப்படி?"

பஸ் இரைச்சல்ல கத்திப் பேசணும். என் குரலு சாதாரணமாவே கப்பல் ஹாரன்.

"ஏளா, செத்துட்டேன்! அவன் கண்ணு இருக்கே, வெள்ளி மாதிரி மின்னுது! உடம்புல பச்சை குத்தியிருக்கான். சிரிக்கவே மாட்டுக்கான். எனக்குப் பிடிச்சிப்போச்சு!"

"போன தடவையும் இப்படி ஒருத்தன்தான வந்தான்?"

"இப்ப வாரவன் எல்லாமே அப்படித்தான் வாரான். நல்லா சிரிச்சுப் பேசி, நேரத்துக்குச் சாப்பிடுற ஒருத்தனாவது சிக்குதானா சொல்லு!"

"அப்ப அந்த இளவரசன்?"

"அவன் நல்லவன்தான். சொத்து இருக்கு, குடும்பம் இருக்கு. ஆனா போர்ளா! எனக்கு அந்தக் கெட்டவன்தான் வேணும்."

முன் சீட்டுல ஒரு கழுத்து லேசா திரும்புச்சு. காத்து வாங்குதாரு போலன்னு நெனச்சேன்.

ஜெனிபர் கொஞ்சம் நியாயம் பேசுறவ. "கதாநாயகியக் கப்பல்ல கொண்டு போயி அடைச்சு வைக்கானே, அது தப்பில்லையா?"

"எனக்கும் மொதல்ல கோவம்தான் வந்துச்சு. ஆனா அந்த ரூம்ல ஒரே ஒரு கட்டில்தான் இருக்கு பாத்துக்க..."

பக்கத்து சீட்டு அக்கா நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டாங்க.

"எல்லாக் கதையிலயும் ஒரே கட்டில்! இன்னொரு கட்டில் வாங்கிப் போட இவனுவளுக்கு வக்கில்லையா?"ன்னா ஜெனிபர்.

நான் சிரிச்ச சிரிப்புல டிரைவர் கண்ணாடில பாத்தாரு.

"இதக் கேளு! அண்ணன கொன்னதே அவன்தான்னு கடைசியில தெரியுது. ஆனாலும் அவன்தான்! பௌர்ணமிக்கு கப்பல் கிளம்பிரும். அப்பா அம்மாவ மறந்துரணும், அதான் கண்டிஷன். நான்லாம் யோசிக்கவே மாட்டேன், பைய எடுத்துட்டுக் கிளம்பிருவேன்!"

ஜெனிபருக்கு ஆபீஸ்ல கூப்பிட்டாங்க, வச்சிட்டா. நிமிந்து பாத்தேன். பஸ்ஸே என்னையத்தான் பாத்துட்டு இருந்துச்சு.

பக்கத்து அக்கா என் கையப் பிடிச்சாங்க. "மக்கா, அவன் உன்னய அடிச்சானா?"

"யாருக்கா?"

"அந்த வெள்ளிக் கண்ணன்."

"ஐயோ அக்கா, அது கதை!"

"எல்லாப் பிள்ளையளும் மொதல்ல அப்படித்தான் சொல்லும்."

முன் சீட்டுக் கழுத்து முழுசா திரும்புச்சு. எங்க தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி! காதுல போனு. "ஆமா, பஸ்லதான் இருக்கா. பை ஒண்ணு வச்சிருக்கா. நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்."

எதிர்ப்பக்கம் யாருன்னு கேக்கணுமா? எங்க அப்பாதான். அப்பாவுக்குத் தொழிலே ஹார்பர்ல நிக்க கப்பலுக்கெல்லாம் காய்கறி சப்ளை பண்றது. மத்த அப்பாமாருன்னா அழுதுட்டு உக்காந்துருப்பாங்க. எங்க அப்பா விசாரணையில இறங்கிட்டாரு.

பஸ் ஸ்டாண்டுல ஸ்கூட்டரோட நிக்காரு. தலையில ஹெல்மெட்டு, கழட்டக்கூட மறந்துபோச்சு. எனக்கு ஒரு பக்கம் அண்ணாச்சி, மறுபக்கம் அந்த அக்கா. அவங்க ஸ்டாப்பு எப்பவோ போயிருச்சு. "முடிவு தெரியாம எப்படி இறங்க?"ன்னுட்டாங்க.

அப்பா கேட்ட மொத கேள்வி: "எந்தக் கப்பலு?"

"அப்பா, கதைப்பா!"

"எந்த நாட்டுக் கொடி? பனாமாவா, லைபீரியாவா?"

பைக்குள்ள கைய விட்டு நாவல உருவினேன். அம்மா பிளவுஸும் கூடவே வந்து அண்ணாச்சி கையில விழுந்துச்சு. அட்டையில நம்ம ஆளு பாய்மரத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். சட்டை இல்ல. அப்பா ரொம்ப நேரம் பாத்தாரு.

"போட்டோ போட்டு புஸ்தகமே அடிச்சிட்டீங்களா?"

அண்ணாச்சி வாங்கி மொத பக்கத்தப் பிரிச்சாரு. இந்த மாதிரி நாவல்ல முன்னாடி ஒரு மேப் இருக்கும். "இந்தா பாருங்க, போற வழியும் போட்டிருக்கு!"

"அண்ணாச்சி, அது இல்லாத நாடு! கடல்ல ரெண்டு தலைப் பாம்பு போட்டிருக்கு பாருங்க. நம்ம ஹார்பர்ல ரெண்டு தலைப் பாம்பு இருக்கா?"

அப்பா குனிஞ்சு பாத்தாரு. பெருசா ஒரு மூச்சு விட்டாரு. அப்புறம் திடீர்னு முகம் மாறிச்சு.

"ஏளா... அப்ப டீக்கடையில இருக்கவன் யாரு?"

அண்ணாச்சி போன் பண்ணுன உடனே அப்பா எங்க வேன் டிரைவருக்குச் சொல்லிட்டாராம். வெள்ளிக் கண்ணு, பச்சை குத்தின உடம்பு, கப்பல்காரன். டிரைவரும் ஹார்பர் ரோட்டுல ஒரு ஆளப் பிடிச்சு உக்கார வச்சிட்டாராம்!

ஸ்கூட்டர்ல நானும் அப்பாவும். பின்னாடி ஆட்டோவுல அண்ணாச்சியும் அக்காவும், அம்மா பிளவுஸும்.

அங்கன ஒரு போலந்து நாட்டு ஆளு உக்காந்திருந்தாரு. கப்பல்ல சமையல்காரராம். பாதி வழுக்கை, நல்ல தொப்பை, சாம்பல் கண்ணு, கையில நங்கூரம் பச்சை. ஷாம்பு வாங்க கரைக்கு இறங்குனவர். எந்திரிக்கப் பாக்கும்போதெல்லாம் டிரைவர் "சிட் சார், சிட்!"னு சொல்லி ஒரு வடைய நீட்டியிருக்காரு. அவரும் தின்னிருக்காரு. முன்னாடி தட்டு அடுக்கு நிக்கி.

நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல மன்னிப்புக் கேட்டு, நாவல நீட்டி நடந்ததச் சொன்னேன். அவரு அட்டையப் பாத்தாரு. தன் தொப்பையப் பாத்தாரு. "மீ?"ன்னாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, பெஞ்சே ஆடுச்சு! அந்த அட்டைய முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சு செல்பி எடுத்து, அங்கனயே வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பிட்டாரு. அப்பா ஓடிப்போயி நம்மூரு முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து கையில திணிச்சாரு.

இங்கிலீஷ் புரியாத அந்த அக்கா மட்டும் என் காதுகிட்ட வந்தாங்க. "நல்ல மனுஷனாத்தான் தெரியுதாரு. நேரத்துக்குச் சாப்பிடவும் செய்யுதாரு. யோசிச்சுப் பாரேன்."

லைப்ரரியில 'அமைதி காக்கவும்'னு போர்டு வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, அத எடுத்துட்டு வந்து டவுன் பஸ்ல மாட்டுங்க.