கத்தரித் துண்டுக்குச் சமபங்கு கொடுத்த விவகாரம்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது.

நாங்கள் நலம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். உங்கள் மாமியார் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எடுத்த எடுப்புலயே பொய்யாங்க?" என்று கேட்டுவிட்டதால், நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். தாங்கள் நலமாக இருக்கும்போதே மீதியையும் படித்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்லாவிட்டால் என் பக்க நியாயம் விளங்காது. இவள் செய்த வேலையையெல்லாம் தான் செய்ததாகச் சொல்லிக்கொண்ட அந்த அதிகாரியிடமிருந்து விலகி, உங்கள் மனைவி எங்கள் பின்னறையில் சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்தாளல்லவா? கத்தரி இலையைச் சின்னத் துண்டாக நறுக்கிப் பாட்டிலுக்குள் ஊட்டக்கூழில் வைத்தால் துண்டுக்குத் துண்டு செடியாகுமாம். நாற்றுப் பண்ணை முதலாளி வந்து பார்த்துத் துளிர் பிடித்துப்போனால் வருஷம் முழுக்க ஆர்டர். இல்லையென்றால் பழைய அதிகாரியே கதி. இந்த நேரம் பார்த்து அவளுக்கு வெளியூரில் பயிற்சி. கூழ் கலக்கும் அளவைச் சுவரில் ஒட்டிவிட்டு, என்னை நம்பிப் போய்விட்டாள். நம்பினாள் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

அந்த அளவைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஹார்மோன் இரண்டு. சைட்டோகைனின் என்பவன் இலைத்துண்டைத் துளிர்விடச் சொல்வான், ஆக்சின் என்பவன் வேர்விடச் சொல்வான். துளிர்க்காரனுக்கு வாரி வழங்கியிருக்கிறாள், வேர்க்காரனுக்கு மூக்குப்பொடி அளவு! மாணவர் விடுதியில் சாப்பாட்டுக்கூடக் கண்காணிப்பாளராகவே தலை நரைத்தவன் நான். ஒருத்தன் தட்டில் அரைக் கரண்டி கூடிவிட்டது என்ற பேச்சு என் காலத்தில் உண்டா? அப்படிப்பட்டவன் வீட்டுப் பின்னறையில் இந்த அநியாயமா? எழுத்துப்பிழையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, இரண்டையும் சரிசமமாக ஊற்றினேன்.

"அவ எழுதினத ஏங்க மாத்துறீங்க?" என்றாள் உங்கள் மாமியார்.

"ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் கம்மின்னா சண்டை வரும்."

"பாட்டிலுக்குள்ள யாருங்க சண்டை போடப் போறாங்க?"

துண்டுகள் உப்பின. எனக்கு ஒரே பூரிப்பு. மேலும் உப்பின. துளிரையும் காணோம், வேரையும் காணோம், பிசைந்த மாவை யாரோ கை கழுவாமல் உருட்டிப் போட்டது மாதிரி வெளிர்பச்சையில் கட்டி கட்டியாக நிற்கிறது. அவளுடைய புத்தகத்தைப் புரட்டினேன். இதற்குக் கேலஸ் என்று பெயராம். இரண்டு ஹார்மோனும் சரிசமமாக இருந்தால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வெறுமனே பெருகிக்கொண்டே இருக்குமாம். எங்கள் விடுதி நலக்குழுவும் அப்படித்தான், வருஷா வருஷம் ஆள் கூடிற்றே தவிர ஒரு முடிவும் எடுத்ததில்லை. இதற்கு நடுவே மகள் போன் செய்து, "அப்பா, வளருதா?" என்று கேட்டாள். "அதுக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றேன். அது பொய்யில்லையே!

நாற்றுப் பண்ணை முதலாளி வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுல தண்டு எது சார்?"

"வரும்."

"வேராவது இருக்கா?"

"அதுவும் வரும். ரெண்டும் ஒண்ணா வரணும்னுதான் ஏற்பாடு."

"கத்தரி கேட்டா காலிஃபிளவர் காட்டுறீங்களே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அடுத்த மாதம் இன்னொரு தடவை வருவாராம், அப்போதும் துளிர் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம். என் பெண் மறுபடியும் அந்தப் பழைய அதிகாரி முன்னால் போய்க் கைகட்டி நிற்பாளே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை. நிஜமாகவே அழுதேன்.

பயிற்சி முடிந்து அவள் நேராக உங்களிடம்தான் வருகிறாள். சாப்பிட வைத்து, உட்கார வைத்து, பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் இருவரிடமும் மனதார மன்னிப்புக் கேட்கிறேன். இனி அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். சத்தியம்.

உங்கள் குடும்பம் துளிர்த்துப் பெருகட்டும், வேரும் உரிய அளவில் ஊன்றட்டும். "உரிய அளவில்" என்பது உங்கள் மாமியார் சேர்க்கச் சொன்னது.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகளே போன் செய்துவிட்டாள், உங்கள் மாமியார் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். பெண் திட்டவே இல்லை. "அந்தக் கட்டிய நறுக்கி, நான் எழுதின அளவுல புதுக் கூழ் கலந்து அதுல வையுங்கப்பா, அதுலேர்ந்தே துளிர் வரும். புண்ணியமாப் போகும், நீங்களா எதையும் பண்ணாதீங்க" என்றாள். பிழைத்தோம்! இன்று காலையே கலந்து, நறுக்கி, வைத்தாயிற்று. ஆகவே நீங்கள் அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேர்க்காரனுக்கு விழுந்த துளியைப் பார்த்தபோதுதான் மனசு கேட்கவில்லை. உங்கள் மாமியார் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கொஞ்சம் சேர்த்து ஊற்றினேன். அதிகமில்லை, மற்றவனுக்கு ஊற்றிய அளவுதான். மேலே கேட்ட மன்னிப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.