திலக் நகரின் 'புது' வண்டி

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது அரைகுறைப் பாடம். சக்கரம் வைத்த வண்டியை வேறொருவர் வாங்கி, ஓட்டி, தேய்த்து, கைகழுவிய பிறகு, அதை நாம் 'புதுசு' என்று சொல்லி வாசலில் நிறுத்துகிறோமே, அதுதான் மகத்தான கண்டுபிடிப்பு. இந்தக் கலைக்கு உலகத் தலைநகரம் டெல்லி. டெல்லிக்குத் தலைநகரம் மேற்கு டெல்லி. அங்கே திலக் நகரில் குழாய், வாஷ்பேசின், கம்மோடு வியாபாரம் செய்யும் சுரிந்தர் தனேஜா இந்தக் கலைக்காகத் தம்மையே அர்ப்பணித்தவர்.

தனேஜாவிடம் வண்டி இல்லாமல் இல்லை. சின்னதாக ஒன்று இருந்தது. கடைக்கு வாஷ்பேசினையும் கல்யாணங்களுக்குக் குடும்பத்தையும் முணுமுணுக்காமல் சுமந்தது. அதற்கு வந்தது கேடு. மகள் ரிதிமாவுக்கு மாடல் டவுன் கோச்சர் குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. கோச்சர்களிடம் ஜெர்மன் வண்டி இருப்பதாகப் பேச்சு. ஆனால் தனேஜா அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பெண் பார்க்கும் வைபவம் ஒரு மாலின் காபிக் கடையில் நடந்தது. "வண்டியில வந்தீங்களா ஜி?" என்று அவர் நாசூக்காக விசாரித்தபோது, கோச்சர் கட்டைவிரலால் தரையைக் காட்டி, "கீழ பார்க்கிங்ல நிக்குது," என்றார். பூமிக்கு அடியில் இருக்கும் பொருளுக்குத்தான் மதிப்பு அதிகம். தனேஜாவின் மரியாதை அங்கேயே இரண்டு மடங்காயிற்று.

பையன் துஷாரை ரிதிமாவுக்கும் பிடித்திருந்தது. சிரித்தால் நன்றாக இருந்தான். போனில் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்டான். அடுத்தது ரோக்கா. பையன் வீட்டார் வந்து, இனிப்பு ஊட்டி, பெண்ணை உறுதி செய்துவிட்டுப் போவார்கள். வாசலில் எந்த வண்டி நிற்பது என்பது மட்டுமே தீராத பிரச்சினை.

"இந்த டப்பாவைப் பாத்தா அவங்க நம்மள என்ன நினைப்பாங்க?" என்றார் தனேஜா.

"வாஷ்பேசின் விக்கிறவங்கன்னு நினைப்பாங்க," என்றாள் ரிதிமா. அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். பட்டதைப் பட்டென்று சொல்லும் வியாதி படிப்பினால் வந்தது. "நாம அதானே பப்பா?"

"கடையிலதான் பேட்டா அது. ரோக்காவுல நாம வேற."

கரோல் பாக்கில் பழைய வண்டி விற்கும் டிம்பியிடம் போனார். டிம்பிக்கு ஐம்பது வயது, தொண்ணூறு கிலோ. ஆனாலும் குழந்தையில் வைத்த செல்லப் பெயர் போகவில்லை, டிம்பி.

"ஷோரூம்ல வாங்கறவன் முழு முட்டாள் பாஜி. என் கடையில வாங்கறவன் அரை முட்டாள், சொல்றதுக்கு என்ன. டீலர் ஏலத்துல எடுக்கறவன்தான் ராஜா."

"என்னை உள்ள விடுவாங்களா?"

"டீலர்களுக்கு மட்டும்தான். என் பார்ட்னர்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு நிபந்தனை. மூஞ்சியில ஆசை தெரியக் கூடாது. சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நில்லுங்க. வண்டி ரொம்பப் பிடிச்சிருந்தா காறித் துப்புங்க."

பகதூர்கர் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது ஏல மைதானம். தவணை கட்டாதவர்களிடமிருந்து வங்கிகள் தூக்கி வந்த வண்டிகள் புழுதி போர்த்தி வரிசையாக நின்றன. விதிமுறைகள் கறாரானவை. வண்டியைப் பார்க்கலாம், ஓட்டக் கூடாது. கதவைத் தொடலாம், இன்ஜினைக் கிளப்பக் கூடாது. 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்' என்று பலகை வேறு. டீலர்கள் வண்டிகளைச் சுற்றி வந்து மனதாரத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு திட்டு. ஒரு கறுப்பு ஜெர்மன் வண்டிக்கு எதிரே நின்று, "இதுல பொணம்கூடப் போகாது," என்றார் ஒருவர். அதுதான் மைதானத்திலேயே நல்ல வண்டி என்று டிம்பி தனேஜாவின் காதைக் கடித்தார்.

தனேஜா அந்த வண்டியைப் பார்த்தார். நெஞ்சு படபடத்தது. உடனே காறித் துப்பினார். அப்பழுக்கில்லாத நடிப்பு. டீலர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள்.

கெடுத்தது அவர் மனைவி கமலேஷ். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தார். நல்ல காரியத்துக்கு முன் நாலு பேர் வாயை இனிப்பாக்காமல் விடுவது அவர் பிறந்த குடும்பத்தில் வழக்கமில்லை. கணவர் துக்கம் காத்து நின்ற நேரத்தில், அவர் மோத்திச்சூர் லட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு டீலராகப் போனார்.

"வாய் இனிக்கட்டும் பாஜி. எங்க பொண்ணு ரோக்காவுக்கு வண்டி எடுக்க வந்திருக்கோம். அதோ, அந்தக் கறுப்பு. வேற எதுவும் அவருக்குக் கண்ணுலயே படல. ஆசீர்வாதம் பண்ணுங்க."

டீலர்கள் நெகிழ்ந்து போனார்கள். லட்டை இரு கையாலும் வாங்கிச் சாப்பிட்டார்கள். பெண் நூறாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தினார்கள். வாழ்த்தி முடித்து, விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டு ஏலத்தில் கையைத் தூக்கினார்கள். பிணம்கூடப் போகாத வண்டிக்கு ஊரே போட்டி போட்டது. இந்த மனுஷன் எங்கே போவார், எவ்வளவு ஏற்றினாலும் தாங்குவார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தொகையைச் சொல்வது சுபகாரியத்துக்கு அழகல்ல. கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கை தனேஜா விற்க நேர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

"பாபிஜி, லட்டை ஏலம் முடிஞ்சப்புறம் கொடுத்திருக்கலாமே," என்றார் டிம்பி, அழாத குறையாக.

"முடிஞ்சப்புறம் கொடுத்தா அது நன்றி. முன்னாடி கொடுத்தாத்தான் சகுனம்."

"முன்னாடி யாரோட வண்டி இது?" என்று கேட்டார் தனேஜா.

"லேடி டாக்டர் பாஜி. ஞாயித்துக்கிழமை குருத்வாராவுக்கு மட்டும் எடுப்பாங்க."

டெல்லியில் விற்கும் பழைய வண்டிகள் அத்தனையும் லேடி டாக்டர்கள் ஓட்டியவை. இத்தனை லேடி டாக்டர்கள் இருந்தும் ஊரில் ஏன் இவ்வளவு நோயாளிகள் என்பதுதான் புரியவில்லை.

வண்டிக்குப் பாலிஷ் போட்டார்கள். இருக்கைகளுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டினார்கள். 'புது வண்டி வாசனை' என்று ஒரு புட்டியில் விற்கிறார்கள், அதையும் அடித்தார்கள். மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டி வாசலில் நிறுத்தி, தனேஜா தேங்காய் உடைத்தார். எதிர் பால்கனியிலிருந்து சாவ்லா ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"புதுசா ஜி?"

"பின்ன? ஷோரூம்லேருந்து நேரா நம்ம வாசலுக்குத்தான்!" என்று தனேஜா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

ரோக்கா நாள் வந்தது. உள்ளே இருக்கும் தோல் இருக்கைகள் விருந்தாளிகள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, வண்டியின் நான்கு கதவுகளையும் தனேஜா விரியத் திறந்து வைத்திருந்தார். கோச்சர் குடும்பம் வாடகைக் காரில் வந்து இறங்கியது.

"நம்ம வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு ஜி," என்றார் கோச்சர். கோட்டும் சூட்டுமாக வந்திருந்தார். கூடவே அவர் மனைவி, துஷார், ஒரு கொழுத்த லாப்ரடார் நாய். வீட்டில் தனியே விட்டால் சோபாவைத் தின்றுவிடுமாம். அதன் பெயர் ஜெனரல்.

கோச்சர் தெருவில் நின்று கறுப்பு வண்டியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவர் மனைவி பார்த்தார். அவரும் அசையவில்லை. துஷார் குனிந்து செருப்பைப் பார்த்தான். அந்தக் குடும்பத்தில் கௌரவம் என்றால் என்னவென்று தெரியாத ஜீவன் ஜெனரல் ஒருவர்தான். அவர் ஒரு முறை முகர்ந்தார். சங்கிலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். பின் இருக்கையில் தாவி ஏறி, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தெறிந்து, இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வாலால் படபடவென்று அடித்தார். பல மாதம் கழித்து ஊர் திரும்பியவரின் முகம் அது.

"ஜெனரல்! இறங்கு! அது நம்ம வண்டி இல்ல!" என்று கோச்சரின் மனைவி கத்தினார்.

ஜெனரல் இறங்கவில்லை. நம்ம வண்டி இல்லை என்று ஒரு நாயிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று தனேஜா யோசித்தார். லேடி டாக்டர் யாரென்று விளங்கிவிட்டது. தவணை கட்டாமல் வங்கி தூக்கிக்கொண்டு போன கோச்சரின் வண்டியைத்தான், கோச்சரை அசத்துவதற்காக, கிடங்கை விற்று எடுத்திருக்கிறார்.

சாதாரண மனிதர்களாக இருந்தால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லி, சிரித்து, டீ குடித்திருப்பார்கள். இவர்கள் கௌரவஸ்தர்கள். வங்கி தூக்கியதைக் கோச்சர் சொல்ல முடியாது. ஏலத்தில் எடுத்ததைத் தனேஜா சொல்ல முடியாது.

"நாய்ங்களுக்குப் புது வண்டி வாசனைன்னா உசிரு ஜி," என்றார் கோச்சர்.

"ஆமா ஜி. ரொம்பப் புதுசு இல்லையா," என்றார் தனேஜா.

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இப்படி ஒரு மனப்பொருத்தம் பத்துப் பொருத்தம் பார்த்தாலும் அமையாது.

உள்ளே பர்பி, பனீர் பக்கோடா, டீ. ஜெனரல் வண்டியிலேயே இருந்தார். தனேஜாவின் கையிலிருந்த சாவி மேல் கோச்சர் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்களுக்கு எதுவும் வேணாம் ஜி. கடவுள் கொடுத்தது எல்லாம் இருக்கு. உங்க பொண்ணு மட்டும் போதும்."

"உங்க பெருந்தன்மை," என்றார் தனேஜா.

"ஆனா உங்க பொண்ணுக்கு நீங்க ஆசையா எதாவது செஞ்சா, அதைத் தடுக்க நாங்க யாரு? ஜெனரல் வேற அந்த வண்டியை விட்டு எறங்க மாட்டேங்கறான். வாயில்லா ஜீவன். பாவம்."

வரதட்சணை என்ற சொல் அந்த வீட்டில் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. சட்டம் தெரிந்த குடும்பம்.

வாசலில் ஜெனரல் செய்ததை ஜன்னல் வழியே பார்த்திருந்த ரிதிமா, துஷார் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க துஷார். அது உங்க பழைய வண்டிதானே?"

துஷார் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த பர்பியை இரண்டாக உடைத்தான். "பெரியவங்க பேசிட்டு இருக்காங்க ரிதிமா. பப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் முகம் மாறியது. ஆனால் அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. சம்பந்தியே வாய் திறந்து கேட்ட பொருளை மறுப்பது தனேஜாக்களின் பரம்பரையில் இல்லை. தனேஜா விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். சாவ்லா ஆன்ட்டி பால்கனியில் தயாராக இருந்தார்.

"கேட்டுக்கோங்க ஜி! மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டியைக் கொடுத்துட்டேன்! புது வண்டி!"

தெரு கைதட்டியது. பின்னாலேயே ரிதிமா வந்தாள். அப்பாவின் கையிலிருந்து சாவியை மெதுவாக எடுத்தாள். வாசல்வரை வந்துவிட்ட கோச்சரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க அங்கிள்ஜி. உங்க வண்டி. உங்க நாய் ஏற்கெனவே உள்ள இருக்கு. பையனையும் ஏத்திக்கோங்க. இந்த வீட்டுல உங்களுது வேற எதுவும் இல்ல."

கமலேஷ் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல.

கோச்சர் பெண்ணைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். ஒரு மானஸ்தர் அப்படிப்பட்ட வார்த்தையைக் கேட்ட பிறகு ஒரு நிமிஷம் அங்கே நிற்க மாட்டார். அவரும் நிற்கவில்லை. சாவியோடு போய் வண்டியில் உட்கார்ந்தார். மனைவி முன்னால் ஏறினார். துஷார் பின்னால், ஜெனரல் விட்டுவைத்த இடத்தில் ஒடுங்கினான். ரிப்பன் பறக்க வண்டி தெருமுனை திரும்பியது.

தனேஜா ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் தெருவே கேட்கக் கொடுத்த பொருளைத் தெருவே பார்க்கப் பிடுங்கினால் மூக்கறுந்துவிடாதா? அவர் இரண்டு கைகளையும் தூக்கி வண்டிக்கு டாட்டா காட்டினார்.

"கல்யாணம் எப்ப ஜி?" என்று பால்கனியிலிருந்து கேட்டார் சாவ்லா ஆன்ட்டி.

தனேஜா நெஞ்சை நிமிர்த்தினார்.

"கல்யாணமா? அது நின்னு போச்சு ஜி. ஆனா வண்டியைக் கொடுத்துட்டோம்ல!"