ஹம் நகரத்து நியாயமான போர்

உலகத்திலேயே மிக நியாயமான போர் ஜேர்மனியின் ஹம் நகரில்தான் நடக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல், ஒரு மண்டபத்தில், இரண்டு பிங்பொங் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நடுவில் கோப்பியும் கேக்கும் பரிமாறி நடத்துகிறார்கள். போர் செய்ய ஆசைப்படும் நாடுகள் இங்கே வந்து பழகிவிட்டுப் போகலாம்.

மேசையில் வெயிலில் காய்ந்த ஒரு பொம்மைக் கிராமம். நடுவே பழைய பொலிஸ் நிலையம், அதன் கூரையில் விரல் உயரப் பிரித்தானியச் சிப்பாய்கள். அவர்களைச் சுற்றிக் 'கிளர்ச்சியாளர்'. விளையாடுகிறவர்கள் எல்லாரும் ஜேர்மனியர். ஆனாலும் பிரித்தானியராகத்தான் விளையாடுவார்கள். ஜேர்மன் படையாக விளையாடினால் அயலவர் ஒருமாதிரிப் பார்ப்பார்களாம். என்ன பண்பு!

கிளர்ச்சியாளருக்குத் தலைமை தாங்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. இந்தப் போர் விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் ஹெர் பிறிங்மன் எங்கள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒருநாள் கன்டீனில் என்னைக் கண்டார், குறை தீர்ந்தது. இலங்கையிலிருந்து வந்த நான் போராளி இல்லை என்று அகதி விசாரணையில் நிரூபிக்க எனக்கு வருடக்கணக்கானது. நான் போராளிதான் என்று முடிவெடுக்க இவருக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது. நிர்வாகம் அவ்வளவு முன்னேறிவிட்டது.

போன தடவை மனைவி கமலநாயகியும் வந்தாள். கோப்பிக்குக் கடித்துக்கொள்ள மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த கச்சான் கடலை கொண்டுவந்தாள். மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இந்த வீடுகளில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அது ஒளிச்சு நிண்டு சுடுறதுக்கு."

"கொடியில உடுப்புக் காயுது. ஆக்கள் இல்லாமல் ஆர் தோய்ச்சது?"

அந்தக் குட்டி உடுப்புகளைப் பசை போட்டு ஒட்டியவர் பிறிங்மன்தான். அவள் கேட்டதை மொழிபெயர்த்தேன். அவர் விதிநூலைப் புரட்டினார். "குடிமக்கள் பற்றி எதுவும் இல்லை," என்றார்.

கமலநாயகி பையைத் திறந்து வீட்டுக்கு வீடு கச்சான் வைத்தாள். "இது தேப்பன், இது தாய், இது பிள்ளையள். இந்த வீடு எங்கட பெரியக்கா ஆக்கள்."

பிறிங்மன் மோட்டார் ஷெல் தாக்குதலை அறிவித்துப் பகடையை எடுத்தார்.

"பொறுக்கச் சொல்லுங்கோ! ஷெல் அடிக்க முந்திச் சனம் பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும்."

மேசையின் மூலையில் இருந்த பள்ளிக்கூடத்தை நோக்கி, ஒவ்வொரு கச்சானாக விரலால் நகர்த்தத் தொடங்கினாள். அவள் விளையாடவில்லை. எங்கள் ஊரிலும் சனம் அப்படித்தான் போனது. பெரியக்கா குடும்பம் போய்ச் சேரவில்லை. என் கிளர்ச்சியாளரைச் சுடாமல் நிறுத்தினேன்.

போர் நின்றுவிட்டது! சங்க வரலாற்றில் இப்படி நடந்ததில்லை. மேசையைச் சுற்றி நிர்வாகக் குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. இவர்கள் தெருவில் நின்றால் கவசவாகனம் போகலாமா? இவர்களை 'அசையும் தடைகள்' என வகைப்படுத்தலாமா? பொருளாளர் ஆழமாக யோசித்தார். யோசனையில், தெருவில் நின்ற ஒருவரை எடுத்து வாயில் போட்டார்.

"கொஞ்சம் காரம்," என்றார்.

செயலாளரும் ஒன்றை எடுத்தார். விவாதம் சூடுபிடிக்கப் பிடிக்கக் கைகள் மேசைக்குப் போய் வந்தன.

"ஐயோ, அது பெரியக்கான்ர பிள்ளையள்!" கமலநாயகி கத்தினாள். நானும் கத்தினேன், ஜேர்மனில்.

பிறிங்மன் மென்றபடியே கையை உயர்த்தினார். "கூட்டம் நடக்கிறது. தயவுசெய்து குறுக்கிடாதீர்கள்."

வாக்கெடுப்புக்கு வந்தபோது தெருவில் யாரும் இல்லை. பிறிங்மன் விரல்களைத் துடைத்துக்கொண்டு, அறிக்கையில் எழுதவேண்டியதைக் கம்பீரமாகச் சொன்னார். "பகுதி முழுவதும் சோதிக்கப்பட்டது. பொதுமக்களுக்குச் சேதமில்லை."

கமலநாயகி வெறும் பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "என்னவாம்?"

"அரசாங்கம் எங்கட ஊருக்கு எழுதினதைத்தான் இஞ்சயும் எழுதுகினம்."