கூரை போட்ட மாளிகை

உடைந்த பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா போகத் தெரிவதும் ஒரு படிப்புத்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பாடம் எனக்கு நடக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், மொன்றியலில் ஓர் ஈரானியரின் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அதற்கு முன் நான்கு நாடுகளில் கழுவியாயிற்று. (கோப்பை எங்கேயும் ஒரே மாதிரித்தான் அழுக்காகிறது.) என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. படிப்பைப் பற்றிக் கேட்காமல் வேலை தந்தவர் முதலாளி பெஹ்ரூஸ் ஒருவர்தான். இதுவும் போனால், பனிக்குள் நடந்து இன்னொரு கதவைத் தட்ட என் கால்களில் தெம்பில்லை.

மார்ச்சில் அவர்களுக்குப் புத்தாண்டு. விருந்து மேசையில் வைப்பதற்காக, பாரசீக அரசர்களின் பழைய தலைநகரத்தை முதலாளி பிளாஸ்டரில் செய்திருந்தார்.

"எங்கள் மன்னர்களின் மாளிகை. ஆட்டாமல் கொண்டு வா."

நகரின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் அவர் வீட்டிலிருந்து பெட்டியைச் சுமந்து வந்து பேருந்துக்காக நின்றேன். பேருந்தைக் கண்டதும், நின்று நின்று விறைத்த காலை எடுத்து வைத்தேன். பெட்டியும் நானுமாகப் பனிக்கட்டியில் விழுந்தோம்.

உணவகச் சமையலறையில் பெட்டியைத் திறந்தேன். மாளிகைக்குக் கூரையே இல்லை. தூண்களில் பாதி மொட்டை, மீதி அடியோடு இல்லை. வாசலில் தலையில்லாத மாடு ஒன்று நின்றது.

"சில்வெஸ்டர் அண்ணை, என்ர வேலை போச்சு!"

அண்ணை மன்னாரில் வீடு கட்டிய மேசன். இங்கே வெங்காயம் உரித்தார். எட்டிப் பார்த்தார்.

"என்னடாப்பா, பொம்மர் வந்து குண்டு போட்ட மாதிரிக் கிடக்கு. துண்டுகள் எங்க?"

"ஒண்டையும் காணேல்லை."

(ஏன் காணவில்லை என்று யோசித்திருக்கலாம். யோசனை எனக்கு எப்போதும் பிறகுதான் வரும்.)

"சரி, அழாதை. இடிஞ்சா திருப்பிக் கட்டுறதுதானே. எத்தினை தரம் கட்டியிருப்பம்."

மேசை மெழுகுவர்த்திகள் தூண்களாயின. கோதுமைப் பசை சீமெந்தானது. முட்டை அட்டையைக் கவிழ்த்து அண்ணை ஓட்டுக்கூரை போட்டார். மாட்டுக்கு உருளைக்கிழங்கில் தலை வைத்தது நான். மாளிகை, புதுமனை குடிபூரலுக்கு ஆயத்தமான மன்னார் வீடு போல் நின்றது.

"ஒழுகாது," என்றார் அண்ணை.

முதலாளி வந்து பார்த்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அது இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக இடிந்துதான் கிடக்கிறது," என்றார் கடைசியில். "எந்தத் தூண் எங்கே முறிந்தது என்று படம் பார்த்துப் பார்த்து, குளிர்காலம் முழுக்க நான் உடைத்தேன்."

"நான் விழுந்ததில் உடைந்தது என்று நினைத்தேன்."

"விழுந்தாயா?"

அவர் பதறி எழுந்து மாளிகையைத் தடவிப் பார்த்தார். விழுந்ததில் ஒரு கீறல்கூட இல்லை. சேதமெல்லாம் நாங்கள் திருத்தியதில்தான்.

விருந்தினர் வருமுன் மூவரும் உட்கார்ந்தோம். அவர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நாங்கள் ஒரு தலைநகரத்தை இடித்தோம்.

"நல்ல கூரை," என்று அண்ணை முணுமுணுத்தார்.

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வருடம் பெட்டியை முதலாளியே சுமந்து வந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் மனைவி அதை ஒளித்துவிடுகிறாள். போன வாரம் தேநீர்க் கோப்பையின் பிடி கழன்றது. மகள் தாயின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்பாட்டைச் சொல்லாதேங்கோ அம்மா. கூரையும் போட்டிடுவார்."