மோப்ப ஞானி கேட்ட வாரண்ட்

காவல் நிலைய வாசலில் காலையிலேயே கூட்டம். புகார் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். புகார் கொடுக்க யார் இவ்வளவு ஆசையாக வருவார்கள்? எல்லோர் கையிலும் ஒரு துணி. ஓடிப்போன கணவனின் சட்டை, மருமகள்மேல் சந்தேகம் என்று உருவிக்கொண்டு வந்த தலையணை உறை, இப்படி. அவற்றை முகர்ந்து பார்த்து உண்மையைச் சொல்ல மோப்ப ஞானி எழுந்தருளியிருந்தார். முகர்வதற்குக் கட்டணம் கிடையாது. மூச்சை வெளியே விடுவதற்குத்தான் காணிக்கை.

ஞானியைக் கண்டெடுத்த பெருமை இன்ஸ்பெக்டருடையது. நிலையத்து மோப்ப நாய் வயதாகி ஓய்வு பெற்றபின், புது நாய் கேட்டு மேலிடத்துக்கு எழுதி எழுதி அலுத்தவர் அவர். நாய் வரவில்லை, ஞானி வந்தார். கைப்பற்றிய பொருள்களை மேஜையில் பரப்பினால் போதும். ஒவ்வொன்றாக முகர்ந்து, இன்ஸ்பெக்டர் மனதுக்குள் யாரைச் சந்தேகித்தாரோ சரியாக அவர் பொருளில் வந்து நிற்பார். “நான் நினைச்சதையே சொல்றாரே!” என்று இன்ஸ்பெக்டருக்குப் புல்லரிக்கும். தான் நினைத்தது தப்பாக இருக்கலாமே என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வந்ததே இல்லை.

இப்போது ஒரு கொலை வழக்கு. மருந்துக்கடைக்காரர் ஒருவரை அவர் வீட்டுக்குள்ளேயே யாரோ மண்டையில் அடித்துக் கொன்றிருந்தார்கள். பூட்டு உடையவில்லை. உடைக்காமல் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் யார்? பூட்டு ரிப்பேர்காரர். இன்ஸ்பெக்டரின் மூளை அதோடு வேலையை முடித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டது. கொலை நடந்த அறையில் கைப்பற்றிய ரத்தக்கறைக் கைக்குட்டையை ஞானி முகர்ந்தார். “இரும்பு வாசம்… சாவி வாசம்…” என்றார். போதாதா? பூட்டு ரிப்பேர்காரர் லாக்கப்புக்குள் போனார். இனி அவர் வீட்டைச் சோதனை போட்டு, கொலை செய்த சுத்தியலை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. பூட்டு ரிப்பேர்காரர் வீட்டில் சுத்தியல் இல்லாமல் பூனைக்குட்டியா இருக்கும்?

சோதனைக்கு வாரண்ட் வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் மாஜிஸ்திரேட் அம்மா.

“ஆதாரம் என்ன, இன்ஸ்பெக்டர்?”

“சாமி முகர்ந்து சொன்னார், மேடம்.”

“முகர்ந்து?”

“தப்பவே தப்பாது, மேடம். வேணும்னா நீங்களே சோதிச்சுப் பாருங்க.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

கதவோரம் நின்றிருந்த பூட்டு ரிப்பேர்காரரின் மனைவி அழுதேவிட்டாள். “அம்மா, எங்க வீட்ல இருக்கிறதே சுத்தியலும் அரமும்தாம்மா. எதை எடுத்தாலும் அதான் இதுன்னு எங்க வீட்டுக்காரர் தலையில கட்டிடுவாங்க. ஆயுசு முழுக்க உள்ளயே கிடப்பாரும்மா.”

மாஜிஸ்திரேட் கைக்குட்டை இருந்த சீல் வைத்த உறையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் மேஜையில் ஒரே மாதிரி உறைகள் வரிசையாக இருந்தன. இன்ஸ்பெக்டரைத் தனியே அழைத்து, காதோடு சொன்னார்: “நடுவுல இருக்கிறதுதான் கொலைக் கைக்குட்டை. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

“உயிரே போனாலும் சொல்ல மாட்டேன், மேடம்.”

சொல்லவும் இல்லை, பாவம். ஞானி வந்தார். ஜன்னலெல்லாம் தலைகள். முதல் உறையை அவர் முகர்ந்தபோது இன்ஸ்பெக்டர் உத்தரத்தைப் பார்த்தார். அடுத்ததற்கு உதட்டைச் சுழித்தார். ஞானியின் கை நடு உறைக்கு வந்ததும் மூச்சை அடக்கி, தொப்பையை உள்ளிழுத்து, கண்ணை முட்டை போல விரித்தார். ஞானிக்கு ஒரு கண் தியானத்தில் மூடியிருந்தது. இன்னொரு கண் இன்ஸ்பெக்டர்மேல் இருந்தது.

“ஆஹா! மரண ஓலம் கேட்கிறதே! இந்தத் துணிக்குச் சொந்தக்காரனே கொலைகாரன்! இரும்பைத் தொட்ட கை! நெஞ்செல்லாம் வஞ்சம்!”

கூட்டம் கைகூப்பியது. இன்ஸ்பெக்டருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“உறுதியாச் சொல்றீங்களா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“எம் மூக்கு பொய்க்காது, தாயே!”

மாஜிஸ்திரேட் உறையைக் கிழித்தார். குதிகாலில் ஓட்டை விழுந்த பழுப்பு நிறக் காலுறை ஒன்று வெளியே விழுந்தது.

“இது எங்க வீட்டுக்காரரோடது. நேத்து பூரா போட்டிருந்தார். இதை முகர்ந்தும் சாமி மயங்கி விழலையே, அப்பவே தெரிஞ்சிருக்கணும். கொலைக் கைக்குட்டை என் பீரோவுல பூட்டியிருக்கு, இந்த மேஜைக்கே வரல. என்ன இன்ஸ்பெக்டர், வாரண்ட்ல எங்க வீட்டு விலாசத்தைப் போட்டுடவா?”

ஞானி வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். கான்ஸ்டபிள் வழியை மறித்தார். “சாமிக்கு இன்னிக்கு ஜலதோஷம் போல” என்றது ஜன்னலில் ஒரு தலை.

“அவர் துணிய முகரல. உங்க மூஞ்சியப் படிச்சார்” என்றார் மாஜிஸ்திரேட். “நடு உறைன்னு உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்? உங்க சந்தேகத்தையே ஞானம்னு உங்களுக்கே வித்திருக்கார். சரி, பூட்டு உடையலன்னா சாவி யார்கிட்ட இருந்ததுன்னு கேட்டீங்களா?”

“இல்லீங்க, மேடம்.” இன்ஸ்பெக்டருக்கு முகம் செத்துப்போயிற்று.

“முதல்ல அதைக் கேளுங்க.”

கேட்டார். மாற்றுச் சாவி இறந்தவரின் அண்ணன் மகனிடம் இருந்தது. முறைப்படி வாரண்ட் வாங்கி, சாட்சிகளை வைத்துக்கொண்டு தேடியபோது, அவன் பரணிலிருந்து ரத்தம் தோய்ந்த சட்டையும் இறந்தவரின் கைக்கடிகாரமும் வந்தன. அதற்கு யாருடைய மூக்கும் தேவைப்படவில்லை.

பூட்டு ரிப்பேர்காரர் வெளியே வந்தார். அவர் காலி செய்த லாக்கப்பில் ஞானி குடியேறினார். வாசலில் துணியும் கையுமாக நின்ற கூட்டம் இன்னும் கலையவில்லை. “அடுத்த சாமி எப்ப வருவாரு?” என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

மனைவி புருஷன் கையைப் பிடித்தபடி நின்று, அவர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

“எப்பேர்ப்பட்ட பூட்டா இருந்தாலும் எங்க வீட்டுக்காரர் திறந்து குடுப்பார். உங்க மண்டையப் பூட்டி வெச்சிருக்கீங்களே, அதை மட்டும் நீங்களேதான்யா திறந்துக்கணும்!”