கணக்கில் தொண்ணூற்றைந்து

கௌஸ் முகைதீன் தபால் உறையைப் பிரித்துப் பார்த்தார். மகள் ஹிஃப்ஸா பள்ளியில் எழுதிய ஏ.பி. என்ற அமெரிக்கப் பரீட்சையின் முடிவு அது. கணக்கு: 5. பௌதிகம்: 5.

அமெரிக்கக் கல்லூரி ஒன்று ஏப்ரலிலேயே அவளுக்கு சீட் கொடுத்துவிட்டது. இந்த மார்க்கைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்ளாதா?

"பக்கத்து வீட்டு பாஹிமா மவன் பிளஸ் டூ கணக்குல தொண்ணூத்திரண்டு எடுத்திருக்கான். நம்ம புள்ள அஞ்சா?" மனைவி ஜொஹரா தலையில் கைவைத்தாள். "ரெண்டையும் கூட்டினாலும் பத்துதானேங்க!"

கௌஸ் முகைதீன் பேனாவை எடுத்தார். இரண்டு ஐந்துக்கும் முன்னால் ஒவ்வோர் ஒன்பது போட்டார். அரபு நாட்டு ரோலா கடைத்தெருவில் தம் துணிக்கடைக்குப் பக்கத்து டைப்பிங் சென்டருக்கு ஓடி, அங்கே டைப் அடிக்கும் அன்பரசனிடம் கொடுத்துக் கல்லூரிக்கு ஃபேக்ஸ் அடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்த ஹிஃப்ஸா தாளைப் பார்த்து அலறினாள்.

"ஓ மை காட்! வாப்பா, அஞ்சுதான் ஃபுல் மார்க்! அதுக்கு மேல மார்க்கே கிடையாது!"

"அப்ப தொண்ணூத்தஞ்சு?"

"உலகத்துலயே யாரும் எடுத்ததில்ல!"

மறுபடி ஓட்டம். 'ஃபேக்ஸ் மெஷின் தானாக ஒன்பது சேர்த்துவிட்டது' என்று கடிதம் அடிக்கச் சொன்னார்.

அன்பரசன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "பாய், என் மெஷின் பேரைக் கெடுக்காதீங்க. ஒன்பதுக்கு வால் வேற வளைச்சு விட்டிருக்கீங்க. எந்த மெஷின் வால் போடும்?"

"சரி, என் பொண்டாட்டி விளையாட்டா எழுதிட்டான்னு அடி."

அது போய்ச் சேர்ந்தது. சேதி கேட்ட ஜொஹரா, புர்க்காவை மாட்டிக்கொண்டு தானே கிளம்பிப்போய் மூன்றாவது ஃபேக்ஸ் அனுப்பினாள். 'எழுதியது அவர்தான். நான் கண்ணால் பார்த்த சாட்சி.'

இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. குடும்பமே டைப்பிங் சென்டரில் போய் நின்றது. அன்பரசன் தாளை ஒருமுறை வாசித்தான். நம்பாமல் மறுபடி வாசித்தான்.

"சீட் இருக்கு, பாய். அந்த மார்க்கை வெச்சு அவங்க சீட்டே குடுக்கலையாம்."

"அல்ஹம்துலில்லாஹ்! பொறவு எதை வெச்சுக் குடுத்தாங்களாம்?"

ஹிஃப்ஸா தரையைப் பார்த்தாள்.

"பாப்பா எழுதி அனுப்பின கட்டுரையை வெச்சு, பாய். தலைப்பு, 'பொய்யே சொல்லத் தெரியாத என் வாப்பா'."